தஞ்சாவூர் ஜில்லா ஜட்ஜ் பர்னெல்: கச்சேரி (கோர்ட்டு) வேலைக்கு நடுவே இத்தனையும் எப்படிச் செய்தார்?

சுவடிநேசன் எழுதியது:

வணக்கம். பல மாதமாக மனதில் கிடக்கும் கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

தஞ்சாவூர் அரண்மனை நூலகமான சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பி. பி. எஸ். சாஸ்திரி பதிப்பித்த விளக்க அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சுவடிக்கும் கீழே அளவு, ஏடுகளின் எண்ணிக்கை, எழுத்து என்று வருகிறது இல்லையா, அங்கேயே 'பர்னெல் அட்டவணை எண் இன்னது, பக்கம் இன்னது, இடது பத்தி' என்றும் இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டப் புரட்ட அந்தப் பெயரே வந்துகொண்டிருந்தது. சரி, யாரோ ஒரு ஜெர்மன் பேராசிரியராக இருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் ஆங்கிலத்துக்குள் போன கதையைத் தேடினேன். ஆங்கிலத்தில் புழங்கிய இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதிக்குக் கொண்டு போய் விட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் பர்னெல். தமிழ்நாட்டின் பழைய எழுத்தான வட்டெழுத்தைப் பற்றிப் படித்தேன், அங்கேயும் பர்னெல். தொல்காப்பியப் பாயிரத்தில் வரும் 'ஐந்திரம்' என்ற இலக்கணம் என்ன என்ற விவாதத்தைத் தேடினால் அங்கேயும் 1875இல் ஒரு புத்தகம், அதுவும் பர்னெல். எல்லாம் ஒரே ஆள்தானா என்று பார்த்தால், ஆமாம், ஆர்தர் கோக் பர்னெல். பேராசிரியரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜட்ஜ், தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர்!

என் கேள்விகள் இவை. அந்தக் காலத்து ஜில்லா ஜட்ஜுக்கு உண்மையில் என்ன வேலை? பாரிஸ்டர் படிப்பு படித்துவிட்டா வந்தார்கள்? கச்சேரியில் வேலை குறைவாக இருந்ததால்தான் இவருக்குச் சுவடி படிக்க நேரம் கிடைத்ததா? இவர் எழுதிய தீர்ப்புகளைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, அது ஏன்?

---

கோர்ட்டுக்கட்டு எழுதியது:

நான் ஜில்லா கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரெக்கார்டு அறையில் பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்கிய பழக்கத்தால் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் அதிகம். முதலில் பாரிஸ்டர் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இல்லை, பாரிஸ்டர் எல்லாம் கிடையாது. ஜில்லா ஜட்ஜாக வந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் சிவில் சர்வீஸ்காரர்கள். 1855 முதல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். அதற்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசில் ஹெய்லிபரி கல்லூரி வழியாக வருவார்கள், அந்தக் கல்லூரியையும் 1858இல் மூடிவிட்டார்கள். பர்னெல் 1840இல் பிறந்தவர், 1860இல் மதராசுக்கு வந்தார். இருபது வயசு! வந்ததும் யாரும் நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கமாட்டார்கள். உதவி கலெக்டர், பிறகு தலைமை உதவி கலெக்டர், சப்கலெக்டர், கூடவே மாஜிஸ்திரேட் அதிகாரம் என்று படிப்படியாகப் போகும். நிலவரி ஜமாபந்தி பார்க்கிற அதே ஆள் மத்தியானம் அடிதடி வழக்கையும் விசாரிப்பார். சில வருஷம் கழித்துப் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கலெக்டர் ஆகிற பாதை, இன்னொன்று ஜட்ஜ் ஆகிற பாதை. சட்டத்தைத் தனியாகப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும்தான் இரண்டாவது பாதை என்று எந்த ஏற்பாடும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஐகோர்ட்டில் மட்டும் கொஞ்சம் வேறு. 1861ஆம் வருஷத்து ஐகோர்ட்டுச் சட்டப்படி நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்காவது சிவில் சர்வீஸ்காரர்கள் இருக்கவேண்டும். சென்னை ஐகோர்ட்டு 1862இல் வந்தது. அதே வருஷம் இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னால், 1859இல் சிவில் நடைமுறைச் சட்டம், 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம். பர்னெல் வந்து இறங்கிய இரண்டு மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டு, சட்டம், நடைமுறை எல்லாமே தலைகீழாக மாறியது என்பதைக் கவனியுங்கள். பழைய ஆட்கள் மனப்பாடமாக வைத்திருந்த ரெகுலேஷன்கள் என்ற கம்பெனிக் காலத்து விதிகள் போய், எல்லோரும் புதுச் சட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இப்போது வேலை எவ்வளவு என்ற கேள்வி. ஜில்லா முழுக்க இருந்த முன்சீப் கோர்ட்டுகள் என்ற கீழ்க்கோர்ட்டுகளின் அப்பீல் எல்லாம் ஜில்லா ஜட்ஜிடம் வரும். தஞ்சாவூர் மாதிரி ஜில்லாவில், நஞ்சை நிலமும் மிராசும் பங்காளித் தகராறும் வாய்க்கால் தகராறும் கோயில் மானியத் தகராறும் இருந்த இடத்தில், எவ்வளவு அப்பீல் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவரே செஷன்ஸ் ஜட்ஜும்கூட. கொலை, கொள்ளை எல்லாம் அவர் முன்னால்தான் விசாரணை. அசெசர்கள் பக்கத்தில் உட்காருவார்கள், அவர்கள் கருத்துச் சொல்வார்கள், ஆனால் அது ஜட்ஜைக் கட்டுப்படுத்தாது. தூக்குத் தண்டனை விதித்தால் ஐகோர்ட்டு உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. சாட்சி தமிழில் சொல்வான், அது தமிழில் பதிவாகும், ஜட்ஜ் அதன் சாரத்தை ஆங்கிலத்தில் தன் கையால் குறித்து வைக்கவேண்டும். ஒரு முழு நாள் சாட்சி விசாரணையைக் கேட்டு எழுதிய கை எப்படி வலிக்கும் என்று கோர்ட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் வேலை இல்லாத ஆள் பொழுதுபோக்குக்குச் சுவடி படித்தார் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தோன்றுவது, கச்சேரி வேலைதான் அவரைச் சுவடிப் பக்கம் தள்ளியது.

1864 வரைக்கும் கோர்ட்டுகளில் பண்டிதர் என்று ஒரு உத்தியோகம் இருந்தது. தத்து செல்லுமா, விதவைக்கு என்ன பங்கு, பிரிந்த குடும்பமா பிரியாத குடும்பமா என்று கேள்வி வந்தால் ஜட்ஜ் பண்டிதரிடம் எழுதிக் கேட்பார், அவர் சாஸ்திரத்தைக் காட்டி வியவஸ்தை, அதாவது தன் கருத்து, கொடுப்பார். இஸ்லாமியர் வழக்குக்குக் காஜி. 1864இல் ஒரு சட்டம் போட்டு இந்த உத்தியோகங்களையே எடுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்கு இனி இந்துச் சட்டம் தெரியும், ஆள் வேண்டாம் என்று அர்த்தம். எங்கிருந்து தெரியும்? கோல்புரூக் 1810இல் மொழிபெயர்த்த மிதாட்சரம், தாயபாகம் என்ற வாரிசுரிமை நூல்கள், அதோடு சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்த தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் எழுதிய புத்தகம், இப்படிக் கையளவு புத்தகங்கள். ஒரு ஜட்ஜ் மனசாட்சி உள்ளவராக இருந்தால் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படமாட்டாரா? பர்னெல் ஆசைப்பட்டார்.

1868இல் சென்னையில் அவர் அச்சிட்டது பராசர ஸ்மிருதி என்ற தர்மசாஸ்திர நூலுக்கு மாதவர் எழுதிய உரையின் வாரிசுரிமைப் பகுதி. 1872இல் மங்களூரில் அச்சிட்டது வரதராஜரின் வியவகார நிர்ணயத்தில் பாகப்பிரிவினைப் பகுதி. இரண்டுமே அதுவரை அச்சேறாத சுவடிகளிலிருந்து மொழிபெயர்த்தவை. பாகப்பிரிவினை, வாரிசு, இதெல்லாம் தினம் தினம் அவர் மேஜைக்கு வந்த வழக்குகள் ஐயா! அவருடைய படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

---

பொன்னி எழுதியது:

மேலே ஐயா அருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் 'எப்படி நேரம் கிடைத்தது' என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் வலியானது.

பர்னெல் இறந்தது 1882 அக்டோபரில், இங்கிலாந்தில். அப்போது அவருக்கு வயது 42. இந்தியாவுக்கு வந்து இருபத்திரண்டே வருஷம், அதிலும் இடையில் உடல்நலம் கெட்டு விடுப்பில் ஊருக்குப் போன காலம் உண்டு. உடம்பு முதலிலிருந்தே திடமானது இல்லை, இந்த வெயிலும் ஓயாத வேலையும் சேர்ந்து அதைச் சீக்கிரமே முறித்துவிட்டன. தஞ்சாவூர் அட்டவணை வெளிவந்தது 1880. ஹாப்சன் ஜாப்சன் வந்தது 1886, அதாவது அவர் அச்சில் அதைப் பார்க்கவே இல்லை. ஹென்றி யூல்தான் தனியாக உட்கார்ந்து முடித்தார். மனுஸ்மிருதி மொழிபெயர்ப்பையும் பாதியில் விட்டுப் போனார், ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர் முடித்து 1884இல் வெளியிட்டார். துளு நாட்டுப் பூதப் பாட்டுகளைப் பற்றி அவர் சேர்த்து வைத்தது 1890களில்தான் இதழில் வந்தது. ஒரு மனிதர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் அவர் பெயரில் புதிதாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. நேரம் கிடைத்ததா என்றால், கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

---

சேதுக்கரை எழுதியது:

தீர்ப்புகளைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஜில்லா ஜட்ஜின் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுதிகளில் வராது, ஐகோர்ட்டு, அதற்கும் மேல் லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில், இவற்றின் தீர்ப்புகள்தான் அச்சேறும். ஜில்லா ஜட்ஜ் என்ன சொன்னார் என்பது 'கீழ்க்கோர்ட்டு இப்படி முடிவு செய்தது' என்று ஒரு வரியாக அதில் வந்தால் உண்டு. அதனால் அந்த வரிசை நீதிபதிகளின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ரெக்கார்டு அறையோடு போய்விட்டது.

ஆனால் பர்னெல் சட்டத்துக்குச் செய்தது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. அதற்கு இன்னொரு ஜட்ஜைக் கூப்பிடவேண்டும், ஜே. எச். நெல்சன். மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். 1868இல் மதுரை ஜில்லாவைப் பற்றி அவர் எழுதிய கையேட்டைத் தொடாமல் நாயக்கர் வரலாறு எழுதுகிறவர் யாரும் இல்லை. அவரும் சிவில் சர்வீஸ், அவரும் பின்னால் ஜில்லா ஜட்ஜ்.

பர்னெல் தன் மொழிபெயர்ப்புகளின் முன்னுரைகளில் கிளப்பிய சந்தேகம் இதுதான்: இந்த ஸ்மிருதிகளும் அவற்றைத் தொகுத்த நிபந்தங்களும் இங்கிலாந்துப் பார்லிமெண்டுச் சட்டம் மாதிரி ஊர் முழுக்க அமலில் இருந்த சட்டம் இல்லை. அவை பண்டிதர்கள் படிக்கவும் விவாதிக்கவும் எழுதிய நூல்கள். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு கோர்ட்டு 'இதுதான் உங்கள் சட்டம்' என்று சொன்னால், மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொண்டிருந்தார்களோ அது அடிபட்டுப் போகும். நெல்சன் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஐகோர்ட்டு மேலேயே பாய்ந்தார். 1877இல் சென்னை ஐகோர்ட்டு நடத்தும் இந்துச் சட்டம் என்று ஒரு புத்தகம், 1881இல் இன்னொன்று, 1887இல் மூன்றாவது. மிதாட்சரம் என்ற பெயரையே கேட்டிராத மறவர், கள்ளர், வேளாளர், ஏனைய குடிகள் எல்லோர் மேலும் அதைச் சுமத்துகிறீர்களே, எந்த உரிமையில் என்று கேட்டார். ஒரு ஜில்லா ஜட்ஜ் தன் அப்பீல் கோர்ட்டையே இப்படி அச்சில் கேட்பது சாதாரண விஷயமா? ஐகோர்ட்டு நீதிபதி இன்னஸ் சும்மா இருக்கவில்லை, 1882இல் கவர்னர் கிராண்ட் டஃபுக்குக் கடிதம் எழுதுகிற வடிவில் ஒரு புத்தகமே போட்டு நெல்சனை மறுத்தார்.

இதில் எங்கள் ஊர் வழக்கும் உண்டு, அதைச் சொன்னால்தான் விஷயம் கைக்குப் பிடிபடும். ராமநாதபுரம் ஜமீன். ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் கணவர் இறந்த பிறகு முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடு இருக்கும்போது அனுமதி கொடுக்கவில்லை, அப்படியானால் விதவை தானாகத் தத்தெடுக்கலாமா? நூலுக்கு நூல் பதில் வேறு. மதுரை கலெக்டர் ஒரு பக்கம், சேதுபதி இன்னொரு பக்கம், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தீர்ப்பு. கணவரின் பங்காளிகள் சம்மதித்தால் திராவிட தேசத்தில் அந்தத் தத்து செல்லும் என்றார்கள். அதோடு தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திர வாசகத்தைவிட மேல் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை வக்கீல்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

கவனியுங்கள், பர்னெலின் முதல் மொழிபெயர்ப்பு, நெல்சனின் மதுரைக் கையேடு, ராமநாதபுரம் தீர்ப்பு, மூன்றும் ஒரே வருஷம், 1868. நூலா வழக்கமா என்ற கேள்வி அப்போது காற்றிலேயே இருந்திருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பர்னெலுக்கு மட்டும் ஒரு பலம் இருந்தது, அவரால் நூலை மூலத்தில் படிக்க முடிந்தது. நூல் என்ன சொல்கிறது என்று தெரிந்த ஆளே 'நூலை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்' என்று சொன்னதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

---

சுவடிநேசன் எழுதியது:

ஐயோ, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. நன்றி ஐயா, நன்றி பொன்னி அக்கா, நன்றி சேதுக்கரை அண்ணே. 42 வயசு என்று படித்ததும் கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். அரண்மனை நூலகத்துக்குள் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ் எப்படிப் போனார்? அரசர் குடும்பத்துச் சொத்து இல்லையா அது? அப்புறம் வட்டெழுத்து, ஐந்திரம் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் நிற்கிறதா?

---

கல்லெழுத்து எழுதியது:

அரண்மனைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் அரண்மனையில் இருந்த தனிச் சொத்தையும் பூட்டிச் சீல் வைத்தது. ராணி காமாட்சி பாய் சாகிபா வழக்குப் போட்டார். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1859இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றி, இது அரசுகளுக்கிடையே நடந்த செயல், கோர்ட்டு இதில் தலையிட முடியாது என்று தள்ளிவிட்டது. பிற்பாடு அரசாங்கமே தன் கருணை என்ற பெயரில் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்த இழுபறிக்கு நடுவில் அந்தச் சுவடிகள் சிதறாமல் இருந்ததே பெரிய விஷயம். நாயக்கர் காலத்துத் தெலுங்கெழுத்துச் சுவடிகள், சரபோஜி காசி யாத்திரையில் சேர்த்துக் கொண்டுவந்த தேவநாகரிச் சுவடிகள், கிரந்தம், நந்திநாகரி எழுத்துச் சுவடிகள் என்று கலந்து கிடந்த குவியல் அது. மதராஸ் அரசாங்கம் பர்னெலிடம் பட்டியல் போடச் சொன்னது, அவர் போட்டார். பொதுமக்கள் நூலகமாக அது திறந்தது 1918இல்தான்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, மேலே எல்லோரும் பாராட்டிவிட்டதால் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான ஏட்டுக்கட்டுகளை ஒருத்தர் தனியாகப் படிக்க முடியாது. ஓலைக்கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறு இற்றுப்போயிருக்கும், மேல் ஓலை பூச்சி அரித்துப் பொடியாக உதிரும், எழுத்து மங்கி ஓலையின் நிறத்தோடு கலந்திருக்கும், கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால்தான் கீறல் தெரியும். முதல் ஓலையும் கடைசி ஓலையும் இல்லாவிட்டால் நூலின் பெயரே தெரியாது, நடுவில் ஒரு வரியைப் பிடித்து 'இது இன்ன நூல்' என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அரண்மனையைச் சுற்றியிருந்த சாஸ்திரிகளும் பண்டிதர்களும்தான். அட்டவணையின் முகப்பில் இருப்பது ஒரே பெயர். பர்னெலின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் அந்தக் குவியலுக்கு வரிசையே கிடையாது. ஆனால் 1864இல் கோர்ட்டிலிருந்து வெளியே அனுப்பிய பண்டிதர் கூட்டத்தின் அறிவுதான் இங்கே இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. அவர்கள் பெயரும் முகப்பில் இருந்திருக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இனி வட்டெழுத்து. 1874இல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் வந்த தென்னிந்திய எழுத்தியல் புத்தகம் அவருடைய சாதனை, சந்தேகமே இல்லை. அதே ஊரில் இரண்டு வருஷம் முன்னால்தான் குண்டர்ட்டின் மலையாள அகராதியும் அச்சானது. செப்பேடுகளின் படங்கள், எழுத்து வளர்ச்சி அட்டவணைகள் என்று தென்னாட்டு எழுத்துகளை முதல் தடவையாக ஒழுங்காக வரிசைப்படுத்திக் காட்டியது அவர்தான். பரங்கிமலைச் சிலுவையில் இருப்பது பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று 1873இல் எழுதியவரும் அவரே. ஆனால் வட்டெழுத்து பிராமி என்ற அசோகர் எழுத்திலிருந்து வரவில்லை, அது தனியாக மேற்காசியாவின் செமிட்டிக் மூலத்திலிருந்து வந்தது என்றார் பாருங்கள், அது நிற்கவில்லை. அவர் கையில் இருந்த சான்று அவ்வளவுதான். மதுரை மாங்குளம் குகைக் கல்வெட்டை ராபர்ட் சீவெல் கண்டது 1882இல், பர்னெல் இறந்த அதே வருஷம்! அது தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியது 1924இல். பிறகு பூலாங்குறிச்சிக் கல்வெட்டும் செங்கம் பகுதி நடுகற்களும் கிடைத்தபோது, தமிழ் பிராமி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வட்டெழுத்து ஆன பாதையே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்திரம் கொஞ்சம் சிக்கல். 'ஐந்திரம் நிறைந்த தொல்காப்பியன்' என்ற பாயிர வரியைப் பிடித்துக்கொண்டு, தொல்காப்பியம், வடமொழி இலக்கணமான காதந்திரம், பாலி மொழி இலக்கணமான கச்சாயனம் ஆகியவற்றின் முறையை ஒப்பிட்டு, வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினிக்கு முந்திய ஒரு இலக்கணப் பள்ளி இருந்தது என்றார். அவர் எழுதியபோது தொல்காப்பியம் முழுதாக அச்சில்கூட இல்லை, பொருளதிகாரத்தை தாமோதரம் பிள்ளை பதிப்பித்தது 1885இல். எழுத்தும் சொல்லும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். அவர் முடிவை ஏற்காதவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன், தொல்காப்பியத்தை வடமொழிப் பள்ளி ஒன்றின் கிளையாக மட்டும் பார்ப்பது அதன் பொருளதிகாரத்துக்கு அநியாயம். ஆனால் அந்த ஒற்றை வரியை ஐரோப்பிய ஆராய்ச்சி உலகத்தின் முன்னால் வைத்தவர் ஒரு ஜில்லா ஜட்ஜ் என்பதை மறுக்க முடியாது.

---

கோர்ட்டுக்கட்டு எழுதியது:

கல்லெழுத்து சொன்ன பண்டிதர் விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதே தராசில் இன்னொன்றையும் வைக்கவேண்டும். பர்னெல் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பிறந்த ஒரு ஆள், கிராமக் கணக்கருக்கு உதவியாக மாதம் 1 ரூபாய் சம்பளத்தில் தொடங்கி, முன்சீப், சப் ஜட்ஜ் என்று ஏறி 1878இல் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார், திருவாரூர் முத்துசாமி ஐயர். 1893இல் தலைமை நீதிபதியாகக்கூடத் தற்காலிகமாக இருந்தார். சிவில் சர்வீஸ் வெள்ளைக்காரர் இருபது வயதில் கலெக்டர் கச்சேரியில் உதவியாக உட்கார்ந்த அதே அமைப்பில், இவர் ஒவ்வொரு படியையும் பரீட்சை எழுதி ஏறவேண்டியிருந்தது.

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். ஐகோர்ட்டுக்கு முன்னால் மேல் கோர்ட்டாக இருந்த சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலாக அவர் கொடுத்தது 1862இல், பர்னெல் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பர்னெல் வடமொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், முன்சீப் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். கச்சேரி வாசலில் நிற்கிற குடியானவனுக்கு எது உதவியது என்று கேட்டால் நான் முன்சீப் பக்கம்தான் கை காட்டுவேன்.

---

பொன்னி எழுதியது:

சுவடிநேசன் தம்பி, எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். ஹாப்சன் ஜாப்சனில் தொடங்குங்கள். எங்கே திறந்தாலும் படிக்கலாம். கச்சேரி, துபாஷி, வக்கீல், பந்தல் என்று நமக்குத் தெரிந்த சொல்லாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வருஷ வாரியாகப் பழைய போர்த்துகீசிய, டச்சு, ஆங்கிலப் பயணிகளின் வரிகளை அடுக்கியிருப்பார்கள். ஒரு ஜட்ஜ் சாட்சிகளை வரிசையாக நிறுத்தி விசாரிக்கிற மாதிரியே இருக்கும், யார் முதலில் சொன்னது, எந்த வருஷம், எந்தத் துறைமுகத்தில் என்று.

---

சுவடிநேசன் எழுதியது:

நேற்றே 'கறி' எடுத்துப் பார்த்தேன் அக்கா, இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கல்லெழுத்து அண்ணே சொன்னதைக் கட்டுரையில் சேர்க்கப்போகிறேன். பர்னெல் எண் போட்டிருக்கிற ஒவ்வொரு சுவடியிலும் கடைசி ஓலையை, அதைப் பிரதி செய்தவர் பெயர் எழுதியிருக்கிற அந்த ஓலையை, இனிமேல் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை மறுபடியும் தஞ்சாவூர் போகிறேன். வரதராஜரின் வியவகார நிர்ணயம் அங்கே எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.